நீலப் புள்ளி கடலில் நிற்கிறது

அரிச்சல்முனைக்குப் போகிறவர்கள் அநேகமாக எல்லோரும் ஒரு காரியம் செய்வார்கள். தனுஷ்கோடியைத் தாண்டி, சாலை முடிகிற இடத்தில் வண்டியை விட்டு இறங்குவார்கள். மணலில் நடந்து, இதற்கு மேல் நாடு இல்லை என்று தோன்றும் இடத்தில் நின்று, கைபேசியில் வரைபடத்தைத் திறப்பார்கள். காலடியில் காய்ந்த மணல் இருக்கும். திரையிலோ அவர்கள் நிற்கும் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளி, சில நேரங்களில் கடலுக்குள் மிதந்துகொண்டிருக்கும்.

செயற்கைக்கோள் காட்சிக்கு மாற்றினால் குழப்பம் கூடும். சற்றுமுன் தலைமன்னார் வரை ஒரே நீலமாக இருந்த இடத்தில், இப்போது வெளிர்பச்சைப் பட்டை ஒன்று வளைந்து போகிறது. அதன்மேல் அங்கங்கே வெள்ளை மணல் திட்டுகள். மீனவர்கள் இவற்றைத் தீடை என்பார்கள். ஒன்றாம் தீடை, இரண்டாம் தீடை என்று எண் சொல்லியே பேசுவார்கள். ஒரே கைபேசி, ஒரே இடம். ஒரு காட்சியில் தீடை இருக்கிறது, இன்னொன்றில் இல்லை.

கைபேசியின் இடங்காட்டி பிசகியிருக்குமோ என்று தோன்றும். திறந்த வெளியில் அது சில மீட்டர்தான் பிசகும். ஆளைக் கொண்டுபோய் நடுத்தண்ணீரில் நிறுத்தாது. பிசகு புள்ளியில் இல்லை, கோட்டில் இருக்கிறது. நிலம் இங்கே முடிந்தது, கடல் இங்கே தொடங்கியது என்று யாரோ போட்ட அந்தக் கோடு எப்படி வந்தது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கதை.

கரை ஒரு பட்டை

கடல் ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. நிலவும் சூரியனும் இழுக்க, பெரும்பாலான கரைகளில் நாளுக்கு இருமுறை ஏறுகிறது, இருமுறை இறங்குகிறது. நம் பள்ளிப் புத்தகம் இதை ஓதம் என்கிறது. இலங்கைப் பாடநூல்களில் இதற்கு வற்றுப்பெருக்கு என்று பெயர். பெயரிலேயே இரண்டு பாதியும் இருப்பதால் நாமும் அதை எடுத்துக்கொள்வோம்: நீர் ஏறி நிற்பது பெருக்கு, இறங்கி நிற்பது வற்று. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நிலவும் சூரியனும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் இரண்டும் உச்சத்துக்குப் போகும். அதைப் பெருவோதம் என்போம்.

பெருக்கின்போது நீர் தொடும் கோட்டுக்கும் வற்றின்போது தொடும் கோட்டுக்கும் நடுவே ஒரு பட்டை கிடக்கிறது. ஆறு மணி நேரம் அது நிலம். அடுத்த ஆறு மணி நேரம் கடல். இதை ஓதவெளி என்று அழைக்கலாம். பட்டையின் அகலம் இரண்டு விஷயங்களைப் பொறுத்தது. ஒன்று, நீர் எவ்வளவு உயரம் ஏறி இறங்குகிறது. இரண்டு, கரை எவ்வளவு சரிவு.

பாக் நீரிணையில் நீர் ஏறி இறங்கும் உயரம் ஒரு மீட்டரைக்கூட எட்டாது. குஜராத்தின் காம்பாத் வளைகுடாவில் பவநகர் பக்கம் அது பத்து மீட்டரைத் தொடும். மூன்று மாடி உயரம். நூறு மீட்டர் நடந்தால் ஒரு மீட்டர் இறங்கும் தட்டையான கரை என்று வைத்துக்கொண்டால், நீர் பத்து மீட்டர் இறங்கும்போது கடல் ஒரு கிலோமீட்டர் விலகிப் போகும். ஒரு கிலோமீட்டர் அகலமுள்ள பட்டையை மெல்லிய கோடாக வரையச் சொன்னால் வரைபவர் என்ன செய்வார்? பட்டைக்குள் எங்காவது ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். கரைக்கோடு என்பது அப்படித் தேர்ந்தெடுத்த கோடு.

இது ஏதோ ஓரத்துச் சங்கதி என்று எண்ண வேண்டாம். 2019-இல் வெளியான ஓர் ஆய்வு, 7,07,528 லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களை அலசி, உலகின் ஓதச் சமவெளிகளை முதன்முறையாகக் கணக்கிட்டது. கிடைத்த பரப்பு குறைந்தது 1,27,921 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பு சுமார் 1,30,000 சதுர கிலோமீட்டர். ஏறத்தாழ ஒரு தமிழ்நாடே தினமும் முங்கி எழுந்துகொண்டிருக்கிறது. அதில் பெரும்பகுதிக்கு நம் கைபேசி வரைபடத்தில் தனி நிறம் கிடையாது.

மலைக்கு ஒரு சுழி, கடலுக்கு ஒரு சுழி

தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரம் என்கிறோம். எதிலிருந்து? சராசரிக் கடல் மட்டத்திலிருந்து. நீர் ஏறுவதையும் இறங்குவதையும் பல ஆண்டுகள் விடாமல் அளந்து எடுத்த நடுமட்டம் அது. நிலத்தை அளப்பவர்களுக்கு அதுவே சுழி, அதாவது அளவு தொடங்கும் பூச்சியம்.

மாலுமிக்கு இந்தச் சுழி உதவாது. சராசரி மட்டத்திலிருந்து இரண்டு மீட்டர் ஆழம் என்று வரைபடம் சொல்ல, அவர் வந்து சேரும் நேரம் வற்றாக இருந்தால் கப்பல் தரைதட்டிவிடும். அவருக்குத் தெரிய வேண்டியது, எவ்வளவு மோசமான நேரத்திலும் இவ்வளவு தண்ணீர் இருக்கும் என்ற உறுதி. ஆகவே கடல் வரைபடக்காரர்கள் சுழியைக் கீழே இறக்கிவைத்தார்கள். நீர் வழக்கமாக இதற்குக் கீழே வற்றாது என்ற மட்டமே அவர்களுடைய பூச்சியம்.

இதில் நமக்கு ஒரு தொடர்பு உண்டு. பரிணாமக் கொள்கை தந்த சார்லஸ் டார்வினின் மகன் ஜார்ஜ் டார்வின், ஓதங்களின் கணக்கில் வல்லவர். இந்தியக் கரையின் ஓதங்களை ஆராய்ந்தபோது பெருவோத வற்றை அடிப்படையாக வைத்து அவர் வகுத்த சுழி மட்டத்துக்கு இன்றும் இந்தியாவின் பெயர்தான். பிற்பாடு பன்னாட்டு நீர்ப்பரப்பு அமைப்பு, நிலவு–சூரியன் இழுப்பால் வரக்கூடிய ஆகத் தாழ்ந்த மட்டத்தைச் சுழியாகக் கொள்ளும்படி பரிந்துரைத்தது. நிலவின் பாதை ஒரு முழுச் சுற்று ஊசலாடி முடிக்க 18.6 ஆண்டுகள் ஆவதால், அந்த மட்டத்தைக் கண்டுபிடிக்க ஏறத்தாழ 19 ஆண்டு ஓதங்களைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

மலையும் கடலும் வெவ்வேறு சுழியிலிருந்து அளக்கப்படுவதால், இரண்டு வரைபடங்களை ஒட்டவைக்கும்போது தையல் விழுவது ஓதவெளியில்தான்.

நமக்கென்று ஒரு தீடை

இனி ஒரு தீடையை நாமே கட்டிக்கொள்வோம். கணக்குக்காக மட்டும், எண்கள் எளிதாக இருக்கட்டும்.

கடல் வரைபடத்தின் சுழி மட்டத்துக்கு மேல் அரை மீட்டர் உயரத்தில் நம் தீடையின் உச்சி இருக்கிறது. வட்டமான மணல்மேடு. நாலாபக்கமும் நூறுக்கு ஒன்று என்ற சரிவு. பெருவோதப் பெருக்கில் நீர் சுழிக்கு மேல் 0.8 மீட்டர் ஏறும்; அடி வற்றில் சுழிக்கே இறங்கும்.

அடி வற்றில் உச்சியிலிருந்து அரை மீட்டர் கீழே தண்ணீர். சரிவின்படி எல்லாப் பக்கமும் 50 மீட்டர் மணல் தெரியும். ஆக நூறு மீட்டர் குறுக்களவில் ஒரு தீவு. படகை ஏற்றி வலை உலர்த்தலாம், பந்து விளையாடலாம்.

நீர் பாதி ஏறி 0.4 மீட்டரில் நிற்கும்போது உச்சி பத்து சென்டிமீட்டர்தான் மிச்சம். தீவின் குறுக்களவு 20 மீட்டராகச் சுருங்கிவிட்டது. பத்துப் பேர் நிற்கலாம்.

பெருக்கில் 0.8 மீட்டர். தீடையின் தலைக்கு மேல் 30 சென்டிமீட்டர் தண்ணீர். மேலே அலை மட்டும். அறுபது சென்டிமீட்டர் அமிழும் படகு ஒன்று அந்த நேரத்தில் திறந்த கடல் என்று நினைத்து வந்தால், மணலில் செருகிக்கொள்ளும்.

நூறு மீட்டர் தீவு, இருபது மீட்டர் திட்டு, ஒன்றுமே இல்லை. மூன்றும் ஒரே நாளின் உண்மைகள். இப்போது இந்தத் தீடையை ஒவ்வொரு வரைபடக்காரரிடமும் கொண்டுபோய்க் காட்டுவோம்.

வலக்கைப் பக்கம் கடல்

முதலில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். 2004-இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடங்கி, உலகெங்கும் தன்னார்வலர்கள் வரைந்துவரும் திறந்த வரைபடம் இது. அவருடைய பெயருக்கே ஆங்கிலத்தில் கடற்கரை என்று பொருள், தற்செயல்தான். பல கைபேசிச் செயலிகள் இதன் தரவைப் பயன்படுத்துகின்றன.

அதன் விதிப்படி கரைக்கோடு என்பது பெருவோதப் பெருக்கின் சராசரி மட்டம். கோட்டுக்குத் திசையும் உண்டு: வரைந்த திசையில் நடந்துபோனால் இடப்பக்கம் நிலம், வலப்பக்கம் கடல். கன்னியாகுமரியிலிருந்து சென்னைக்குக் கரையோரமாக நடப்பவருக்குக் கடல் எந்தப் பக்கம் இருக்குமோ, அந்தப் பக்கம். கணினிக்கு நிலத்தையோ கடலையோ பார்க்கத் தெரியாது. கோட்டின் திசையை வைத்துத்தான் நீலம் பூசுகிறது. யாரோ ஒருவர் ஒரு துண்டைத் தலைகீழாக வரைந்துவிட்டால், ஊர் நீலமாகிக் கடல் நிலமாகிவிடலாம். அதனால் கரைக்கோடுகளைத் தனியாகச் சரிபார்த்துத் தைத்த பிறகே வரைபடத்தில் ஏற்றுகிறார்கள். சாலையில் செய்த திருத்தம் விரைவில் தெரியும். கரையில் செய்த திருத்தம் தாமதமாகத்தான் வரும். மணலோ யாருக்காகவும் காத்திருப்பதில்லை. தென்மேற்குக் காற்று ஒரு பக்கம் ஒதுக்கியதை வடகிழக்குக் காற்று மறுபக்கம் தள்ளுகிறது. அரிச்சல்முனையில் நீலப் புள்ளி கடலில் நிற்பதற்குப் பாதிக் காரணம் இது: மணல் நகர்ந்துவிட்டது, கோடு பழைய இடத்திலேயே இருக்கிறது.

நம் தீடை பெருக்கில் முங்குவது. ஆகவே கரைக்கோட்டு விதிப்படி அதற்கு இடமில்லை. ஓதச் சமவெளி, மணல்திட்டு என்ற தனி அடையாளங்கள் அதே வரைபடத்தில் உண்டு. யாராவது மெனக்கெட்டு வரைந்திருந்தால் தீடை பதிவாகியிருக்கும். பதிவாகியிருந்தாலும், செயலி அதைத் திரையில் காட்ட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பயணிக்கு உணவகம் முக்கியம், தீடை வேண்டியதில்லை என்று செயலி நினைத்தால் அங்கே நீலம் மட்டுமே மிஞ்சும்.

பத்தரை மணிச் சிக்கல்

கோடு போடுபவர்தான் தேர்ந்தெடுக்கிறார், புகைப்படம் பொய் சொல்லாதே என்று கேட்கலாம். பொய் சொல்லாது. ஆனால் அது ஒரு நொடியின் உண்மையை மட்டுமே சொல்லும்.

2015-இலிருந்து பறக்கும் சென்டினல்-2 வகைச் செயற்கைக்கோள்களின் படத்தில் ஒரு புள்ளி தரையில் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். வற்றில் நம் தீடை பத்துப் புள்ளி அகலம், பாதி நீரில் இரண்டு புள்ளி, பெருக்கில் சுழியம். படத்தொகுப்பு செய்பவர்கள் மேகமில்லாத நாளைத் தேடுவார்கள். ஓதம் பார்த்து எடுப்பது அரிது. வெவ்வேறு நாள் படங்களை ஒட்டும்போது, ஒட்டின் இந்தப் பக்கம் வற்று, அந்தப் பக்கம் பெருக்கு என்று கரை திடீரென்று துண்டாகித் தெரிவது அதனால்தான். ஆழ்கடலில் தெரியும் நீலமோ பெரும்பாலும் படமே கிடையாது. ஆழத் தரவை வைத்துக் கணினி தீட்டிய வண்ணம்.

இதைவிட நுட்பமான ஒரு சிக்கல் உண்டு. இத்தகைய செயற்கைக்கோள்கள் எந்த ஊரின் மேலும் ஏறக்குறைய ஒரே மணிக்குத்தான் கடக்கும். சென்டினல்-2-க்கு அது காலை பத்தரை. ஓதம் நாளுக்குச் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். அப்படியானால் மாறி மாறி எல்லா மட்டமும் படத்தில் விழுந்துவிடாதா?

விழாது. அமாவாசையில் நிலவு சூரியனோடு உதித்துச் சூரியனோடு மறைகிறது. அதனால் ஒரு குறிப்பிட்ட கரையில் பெருவோதப் பெருக்கு எப்போதும் ஏறக்குறைய அதே மணிக்குத்தான் வரும்; ஆகத் தாழ்ந்த வற்றும் அப்படியே. ஓர் ஊரில் அமாவாசை, பௌர்ணமி நாட்களின் பெருக்கு காலை பத்தரைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஊரின் அடி வற்று மாலை நாலரையை ஒட்டி வரும். பத்தரை மணிச் செயற்கைக்கோள் பத்தாண்டு சுற்றினாலும் அந்த அடி வற்றைப் பார்க்காது. ஓதவெளியின் கீழ்ப்பகுதி அதற்குக் கடைசிவரை கடலாகவே இருக்கும்.

ஆகவே ஆய்வாளர்கள் ஒரே படத்தை நம்புவதில்லை. ஒரே இடத்தின் நூற்றுக்கணக்கான படங்களை எடுத்து, ஒவ்வொன்றும் எடுக்கப்பட்ட நொடியில் நீர் எந்த மட்டத்தில் இருந்திருக்கும் என்று கணக்கிட்டு, அந்த வரிசையில் அடுக்குகிறார்கள். ஒரு புள்ளி எந்த மட்டத்தில் நனைகிறது என்று தெரிந்தால், அதன் உயரமும் தெரிந்துவிடும். அளவுகோல் எடுத்துப் போகாமல், கடலையே அளவுகோலாக்கும் உத்தி இது. ஆஸ்திரேலியா தன் கரை முழுவதற்கும் இப்படி ஓர் உயர வரைபடம் செய்திருக்கிறது.

தண்ணீருக்குள் போகும் பச்சை

எப்போதும் முங்கியிருக்கும் மணலை என்ன செய்வது? கப்பலை அனுப்பி ஒலியால் அளக்கலாம். ஆனால் ஒலிக்கருவி ஏந்திய கப்பல் மிதக்கவே அங்கே தண்ணீர் போதாது. இரண்டு பாகம் ஆழம்கூட இல்லாத இடம் கப்பலுக்கும் அன்னியம், நில அளவையாளருக்கும் அன்னியம். ஒரு பாகம் என்பது மீனவர் இரு கையையும் விரித்த நீளம், சுமார் ஆறடி.

நிறத்தைப் பார்த்து ஆழம் சொல்வது ஒரு வழி. சிவப்பு ஒளியைத் தண்ணீர் சில மீட்டருக்குள் விழுங்கிவிடும். பச்சையும் நீலமும் கீழே வரை போய் மணலில் பட்டுத் திரும்பும். திரும்பி வரும் நிறங்களின் விகிதம் ஆழத்தைச் சொல்லிவிடும். ஆனால் தரையில் கடற்புல் படர்ந்திருந்தால் கறுத்துத் தெரியும். கணினி ஆழம் என்று நினைக்கும். நீர் கலங்கியிருந்தால் வெளுத்துத் தெரியும். மேடு என்று நினைக்கும். பாக் நீரிணையில் இரண்டுக்கும் பஞ்சமில்லை.

இன்னொரு வழி லேசர். நாசா 2018 செப்டம்பரில் அனுப்பிய ஐஸ்சாட்-2, பனிப்பாறைகளின் உயரத்தை அளக்கப் பிறந்தது. அதன் லேசர் பச்சை நிறம் என்பதால் தெளிந்த தண்ணீரையும் ஊடுருவுகிறது. நொடிக்கு 10,000 துடிப்புகள். நொடிக்கு ஏழு கிலோமீட்டர் வேகத்தில் பறப்பதால் 70 சென்டிமீட்டருக்கு ஒரு துடிப்பு தரையைத் தொடுகிறது. சில ஒளித்துகள்கள் நீரின் மேற்பரப்பிலிருந்து திரும்பும். சில அடி மணலைத் தொட்டுச் சற்றுத் தாமதமாகத் திரும்பும். அந்தத் தாமதம்தான் ஆழம்.

இங்கே ஒரு வேடிக்கை. குளத்தை எட்டிப் பார்க்கும் நம் கண்ணுக்கு ஆழம் குறைவாகத் தெரியும். லேசருக்கு நேர் எதிர்: தண்ணீரில் ஒளி காற்றில் போவதன் முக்கால் வேகத்தில்தான் போகும், அதனால் தாமதம் கூடி ஆழம் அதிகமாகத் தெரியும். லேசர் நான்கு மீட்டர் என்றால் உண்மை மூன்று மீட்டர். இந்தத் திருத்தத்தைப் போட்ட பிறகே எண்ணை நம்பலாம்.

இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தேசியத் தொலையுணர்வு மைய அறிவியலாளர்கள், 2018 முதல் 2023 வரை கிடைத்த சுமார் இரண்டு லட்சம் ஒளித்துகள்களின் பதிவைக் கொண்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடைப்பட்ட ஆதாம் பாலத்தின் அடிப்பரப்பை 2024-இல் வரைந்தார்கள். ராமர் பாலம் என்றும் வழங்கும் அந்த மேட்டின் நீளம் 29 கிலோமீட்டர். நடுவே இரண்டு, மூன்று மீட்டர் ஆழத்தில் 11 ஒடுங்கிய கால்வாய்கள். மன்னார் வளைகுடாவின் நீரும் பாக் நீரிணையின் நீரும் அவற்றின் வழியே போய்வருகின்றன. மேட்டில் 99.98 சதவீதம் தண்ணீருக்கு அடியில். நாம் படத்தில் பார்த்து வியக்கும் வெள்ளைத் தீடைகள் அதன் மிச்சத் துளி.

அடிக்கோடிட்ட எண்

கடைசியாக மாலுமியின் வரைபடம். டேராடூனில் இருக்கும் தேசிய நீர்ப்பரப்பு அலுவலகம் இந்தியாவுக்கான கடல் வரைபடங்களை வெளியிடுகிறது. வெளியூர்க்காரர் முதலில் கவனிப்பது நிறத்தை. நிலம் வெளிர்மஞ்சள். ஆழமற்ற நீர் நீலம். ஆழ்கடல் வெள்ளை. நம் கைபேசிக்கு நேர்மாறு. மாலுமிக்கு ஆபத்தான இடத்தில்தான் நிறம் வேண்டும். மஞ்சளுக்கும் நீலத்துக்கும் நடுவே பச்சை. அதுதான் ஓதவெளி. நிலத்தின் மஞ்சளும் நீரின் நீலமும் கலந்தால் பச்சை. இதைவிடப் பொருத்தமான நிறம் கிடைக்காது.

நம் தீடை இங்கே பச்சைத் திட்டாகக் கிடக்கும். நடுவே 0.5 என்ற எண், கீழே சிறு கோடிட்டு. கோடு இல்லாத எண் சுழிக்குக் கீழே உள்ள ஆழம். அடிக்கோடிட்ட எண் சுழிக்கு மேலே தலைதூக்கும் உயரம். மாலுமி அன்றைய ஓத அட்டவணையை எடுத்துப் பார்க்கிறார். நீர் 0.8 மீட்டர். அதிலிருந்து 0.5 போனால் மிச்சம் 0.3. தன் படகு அங்கே போகாது என்று கரையிலிருந்தே தெரிந்துகொள்கிறார். மூன்று உண்மைகளையும் ஒரே குறியில் அடக்கிய வரைபடம் இது ஒன்றுதான்.

சட்டமும் இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்கிறது. 1982-இன் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கைப்படி, பெருக்கிலும் தலை நனையாத நிலமே தீவு. வற்றில் மட்டும் எழுவது வேறு வகை. நாட்டின் கரையிலிருந்து தொலைவில் இருந்தால் அதற்கெனத் தனிக் கடல் எல்லை கிடையாது. நாட்டின் கடல் எல்லை பொதுவாக அளக்கப்படுவதோ வற்றுக் கோட்டிலிருந்து. முப்பது சென்டிமீட்டர் தண்ணீர் ஒரு திட்டின் சட்டத் தகுதியையே மாற்றிவிடும்.

எந்த நேரத்துத் தண்ணீர்?

இனி எந்த வரைபடத்தில் கரைக்கோட்டைப் பார்த்தாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: இது எந்த நேரத்துத் தண்ணீர்? சாலை வரைபடம் பெருக்கைச் சொல்கிறது. செயற்கைக்கோள் படம் ஏதோ ஒரு நாளின் பத்தரை மணியைச் சொல்கிறது. கடல் வரைபடம் அடி வற்றைச் சொல்கிறது. மூன்றும் தத்தம் அளவில் சரி. ஒன்றுக்குக் கேட்க வேண்டிய கேள்வியை இன்னொன்றிடம் கேட்பதுதான் தவறு.

அரிச்சல்முனையில் நின்று, தீடை பக்கத்தில்தானே தெரிகிறது என்று தண்ணீரில் இறங்காதீர்கள். இரண்டு கடல்களின் நீர் அந்த ஒடுங்கிய கால்வாய்கள் வழியே இழுத்துக்கொண்டு ஓடும் இடம் அது. கைபேசியின் நீலம் ஆழத்தையும் சொல்லவில்லை, நேரத்தையும் சொல்லவில்லை. இரண்டையும் அறிந்தவர்கள் கரையில் வலை பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைக் கேளுங்கள்.